மறுகா

இடைவேளைக்கு முன்னமே விளங்கிவிட்டது.
இந்தப் படம் எங்களைச் சிரிக்கவைக்க வரவில்லை.
முன்பு சிரித்த சிரிப்புக்கு
வட்டி கேட்டு வந்திருக்கிறது.

'பஞ்சர் பிரதர்ஸ்' நாலாம் பாகம் என்றுதான்
ஆரையம்பதியில் இருந்து பஸ் ஏறினேன்.
நாலு இல்லையாம்,
முதலில் இருந்து தொடக்கமாம்.
போஸ்டரில் மூன்று புதுப் பெடியன்கள்
பழைய மூன்று பேரின் சட்டையோடு.
சட்டை அளவாக இருக்கிறது.
அதுதான் பிழை.
பழையவர்களுக்கு ஒருநாளும்
எதுவும் அளவாக இருந்ததில்லை:
சட்டையும், வீட்டு வாடகையும்,
தப்பியோட ஏறிய சைக்கிளும்.

பெரியவரையும் ஒரு காட்சிக்குக் கூட்டி வந்தார்கள்.
கம்ப்யூட்டரால் முகத்தை அழுத்தி
முப்பது வயதாக்கியிருந்தார்கள்.
ஐயோ,
அந்த மனிசன் பகிடி விட்டதே
நெற்றிச் சுருக்கத்தால்தானே.
அதையா அயன் பண்ணினீர்கள்?

சனம் விசிலடித்தது.
பழைய வசனம் ஒவ்வொன்றுக்கும் முன்னால்
ஒரு விநாடி நின்று, எங்கள் பக்கம் திரும்பி,
'தெரியுதா, அதேதான்' என்றார்கள்.
தெரியுது தம்பி.
கிச்சுக்கிச்சு மூட்ட முதல்
கையைக் காட்டினால் யாருக்குக் கூசும்?

இனி, குளிர்சாதனப் பெட்டி.

எங்கள் வீட்டு டிஸ்க்கில்
ஒரு மணி பன்னிரண்டாம் நிமிடத்தில் கீறல்.
மூத்தவன் பின்னங்காலால் நடந்து போய்
பெட்டியின் கதவைத் திறப்பான்.
உள்ளே பார்ப்பான்.
வாய் பிளக்கும்.
அவ்வளவுதான்,
பச்சைப் பச்சைச் சதுரம், ஒரு விக்கல்,
அடுத்தது பொலிஸ் ஸ்டேஷன்,
மூன்று பேரும் ஈரத் துவாயோடு.

துணியால் துடைத்தோம், பற்பசை பூசினோம்,
கடைக்காரரிடம் மாற்றக் கேட்டோம்.
மாற்றித் தந்ததிலும் அதே இடத்தில் விக்கல்.
'மறுகா? மறுகா என்ன?' என்று
பாயில் கிடந்த அத்தனை பேரும் கத்துவோம்.

அப்பா சொன்னார்: சீட்டுக் காசோடு ஓடின
செல்வநாயகி உள்ளுக்குள்ள இருக்கிறா,
ஐஸ்கட்டியை எண்ணிக்கொண்டு.
தம்பி சொன்னான்: முதலை.
சுபோதினி மச்சிதான்
தண்ணிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:
'ஒண்டுமில்ல. லைட் மட்டும் எரியிது.
பில் கட்டாத வீட்டில.'
அன்றைக்கு அப்பாவுக்குப் புரைக்கேறி
முதுகில் தட்டவேண்டி வந்தது.

புதுப் படத்தில் அந்தக் காட்சியை
முழுதாக எடுத்திருக்கிறார்கள்.
கீறல் இல்லை. நாலு பக்கமும் சத்தம்.
பெட்டி இப்போது பேசுகிற பெட்டி.
கதவு திறந்தது.
உள்ளே ஒரு கேக்.
கேக்குக்குள் இருந்து ஒரு கோழி.
பழையதிலும் அதேதானாம்,
பின்வரிசையில் யாரோ சொன்னான்,
ஒரு கோழி.

கோழி!
பத்தொன்பது வருசமாய்
ஒரு கோழிக்காகவா
நாங்கள் அவ்வளவு பாடுபட்டோம்?

கோழி பறந்தது, சனம் சிரித்தது,
எனக்குப் பக்கத்துச் சீட்டுப் பிள்ளை
சோளப்பொரி சிந்தச் சிந்தச் சிரித்தாள்.
சிரிக்கட்டும், அவளுக்கு ஏழு வயதிருக்கும்,
அது அவளுடைய கோழி.

கல்லடிப் பாலத்தில் பஸ் மெதுவாகியபோது
பாசலில் இருந்து மச்சி எடுத்தாள்.
அங்கே வேலை முடிகிற நேரம்,
பின்னால் ட்ராம் மணி கேட்டது.
'படம் பார்த்த நீயா? எப்பிடி?'
'பெரிசா ஒண்டுமில்ல.'
'ஃப்ரிஜ் சீன் இருக்கா?'
'இருக்கு.'
'மறுகா?'

எங்கள் பக்கத்தில்
மறுகா என்றால் பிறகு.
மறுகா என்றால் திரும்பவும்.
படம் எடுத்தவர்களுக்கு
இரண்டாவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

வாவியில் ஒரு தோணி,
அதன் லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

'கதவைத் திறக்கக்குள்ள
கரண்ட் போயிற்று மச்சி' என்றேன்.
'பிறகு வந்தது. வரக்குள்ள
பொலிஸ் ஸ்டேஷன்.'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள்,
ட்ராமையும் மூடிக்கொண்டு.