மேற்கே முகம் வைத்து

ஆரல்வாய்மொழியில் நின்றால் குளிரும்,
வடசேரியில் நின்றால் சுடும்.
இதைச் சொன்னதற்கு மாடக்கண்ணு
ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சிரித்தான்.
"காய்ச்சல் உமக்காக்கும் ஓய், வண்டிக்கு இல்ல."
அவன் பட்டறை வாசல் மேற்கு பார்த்தது.
அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

பார்வதிபுரத்தில் ஸ்டெர்லின்
குழாயைத் தொட்டுப் பார்த்து கேஸ் இல்லை என்றான்.
ஆயிரத்து எண்ணூறு.
மறுவாரம் இரண்டு மீட்டர் மாட்டினான்,
முள் சிவப்புக்கு ஏறியது.
கேஸ் கூடிப்போச்சு என்றான்.
அதற்கடுத்த வாரம் கம்ப்ரஸர்:
புதுசு பதினெட்டாயிரம், பழசு ஒன்பது.
வீட்டுக்கு வந்து ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன்.
தோவாளைப் பிச்சிப்பூவின் காம்புகள், சூளைத் தூசி,
இறக்கை மட்டும் மிஞ்சிய ஒரு தட்டான்.
காற்றுக்குக் குறைவில்லை.
இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி வந்தது.

திங்களும் வியாழனும் மிக்கேலம்மாள் சவாரி.
செங்கல் சூளையில் கணக்கு எழுதியவள்.
ஆசாரிபள்ளம் போய் நாலு மணி நேரம்
ரத்தத்தை வெளியே அனுப்பி வாங்கி வருகிறாள்.
குடிக்க நாளொன்றுக்கு அரை லிட்டர்தான்,
அதையும் எழுதி வைப்பாள்.
வடசேரி நெரிசலில் வண்டி வேகும்போது
இளநீர்க்காரன் இருக்கிற பக்கம் பார்க்க மாட்டாள்.
நான் குமிழை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் முறுக்குவேன்,
முறுக்க இடமில்லை என்று தெரிந்தும்.

ஆனி மாதம். ஒரு வியாழன் காலை
அவள் ஏறி உட்கார்ந்தபிறகு மாப்பிள்ளை ஃபைலைத் தேடினார்.
நின்ற வண்டி ஜில்லென்று இருந்தது.
கல் ஏற்றிய லாரி ஒன்று உள்ளே வர,
வழிவிட்டு வண்டியைத் திருப்பி நிறுத்தினேன்.
ஐந்து நிமிடம்.
"சூசே, இப்பம் சுடுது."
"ஆமாக்கா."
"பழையபடி திருப்பும் பாப்போம்."
மேற்கே குளிர்ந்தது. கிழக்கே சுட்டது.
மறுபடி மேற்கே.
லாரிக்காரன் எங்களைப் பைத்தியம் என்று முடிவுகட்டி
ஹாரன் அடிப்பதை நிறுத்தினான்.
"காத்து உனக்கு ஓசியில வேல பாக்குது.
உள்ள ஏதோ ஒண்ணு சும்மா இருக்கு" என்றாள்,
கூட்டலில் பிழையைப் பிடித்தவள் குரலில்.

பானெட்டைத் தூக்கினேன்.
ஏசிக்கென்று இருக்கிற சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
கிழக்கே திருப்பினேன். நின்றுவிட்டது.
அது சுற்றவே இல்லை இத்தனை நாளும்.
கணவாய்க் காற்று அதைச் சுற்றியிருக்கிறது,
மலையடியில் வரிசையாக நிற்கிற
பெரியதுகளைச் சுற்றுகிற அதே கை.
மாடக்கண்ணு பார்த்தது இதைத்தான்.
ஸ்டெர்லின் பார்க்கவே இல்லை.

அன்றைக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டே போனோம்.
வெள்ளிக்கிழமை கீழே படுத்து
விரல்விட்டுத் தடவியபோது அகப்பட்டது:
எலி கடித்த நீல வயர், இரண்டு அங்குலம்.
பக்கத்தில் காய்ந்த புழுக்கை,
நிதானமாகத் தின்றிருக்கிறது.
வயரும் டேப்பும் ஃபியூஸும் நாற்பத்தைந்து ரூபாய்.

திங்கள், வடசேரி.
முன்னால் பஸ், பின்னால் மீன் வண்டி.
டக் என்றது. பிறகு அந்த இரைச்சல்.
இத்தனை நாள் இது கேட்கவில்லை என்பதே
கேட்டபிறகுதான் உறைத்தது.
கதவில் சாய்த்த அவள் இடது கையில்
ஊசி ஏறும் இடம் எப்போதும்போல் அதிர்ந்துகொண்டிருந்தது.

"நிக்கும்போதும் சுத்துதா?"
"சுத்துதுக்கா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு இளநீர்க்காரன் பக்கம் நன்றாகவே திரும்பி,
"இப்பம் என்ன வெலைக்கு விக்கான்?" என்றாள்.