வெள்ளைத் தட்டு

மணிமுத்தாற்றில், அருவிக்கு மேலே,
நீர்மருது நிழலில்
ஒரு கல்லைப் புரட்டினால் போதும்:
மணலை ஒட்டித் தைத்த சட்டைக்குள் ஒரு புழு,
மூன்று வால்மயிர் விரித்து
வழுக்கிப் போகும் இன்னொன்று,
தட்டான் ஆகப்போகிற ஒரு முரட்டுக் குட்டி.
எண்ணி முடிக்குமுன் விரல் விறைத்துவிடும்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம்
மருதை வெட்டி வாழை வைத்த கரையில்
இன்று எட்டுக் கல் புரட்டினேன்.
வண்டல். ஷாம்பு உறை.
யாரோ பாவம் கழித்த வேட்டி.
தட்டில் நெளிந்ததெல்லாம் ஒரே சாதி,
ஒரே சிவப்பு.

"மீனா தேடுதிய?"
மோட்டார் போட வந்த பூதப்பாண்டி கேட்டார்.
"இல்ல, பூச்சி."
"பூச்சியா! கவலய விடுங்க,
நேத்துதாம்மா மருந்தடிச்சேன்."

சரி அண்ணாச்சி என்றேன்.
ஒன்பதாவது கல்லுக்குக் குனிந்தேன்.