முழங்காலுக்கு ஒரு குறி

வலயப் போட்டிக்கு வாசிப்பதை
எழுத்தில் நாலு பிரதி தரவேணுமாம்.
கடிதம் வந்தது வியாழன் பின்னேரம்.
திங்கள் ஒன்பதுக்கு முல்லைத்தீவில் ஒப்படைப்பு.
முத்தையன்கட்டில் கணக்குப் படிப்பிக்கிற என்னிடம்
பாண்ட் வந்து சேர்ந்த காரணம்
என் மடிக்கணினியின் பற்றரி.

மெலோடிக்கா தொல்லை தரவில்லை.
யாழிசை சொல்லச் சொல்ல
சொன்ன இடத்தில் இருந்தது சுரம்.
மேளத்துக்குத்தான்
ஐந்து கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது மென்பொருள்,
மாடு புகாமல் வயலுக்கு அடித்த
ஐந்து வரி முட்கம்பி.

ஒரு கோடு போதும் என்றேன்.
சரியென்று நாலைச் சுருட்டியது.
சுருட்டின கையோடு
பெரிய மேளம் பக்க மேளம் தாளத்தட்டு
மூன்றும் ஒரே கம்பியில் நெருக்கியடித்து
ஆர் எவர் என்று தெரியாமல்.

வாசித்துக் காட்டு என்றால்
மிதுஷாவின் மேளம் பியானோவாய்க் கிணுகிணுக்கிறது.
வாத்தியத்தை மாற்றினேன்.
இப்போது மாட்டு மணி.
வேலியைப் பிரித்தது நான்தானே.

முப்பத்தைந்தில் தொடங்கி
எண்பத்தொன்றில் முடிகிறது சத்தங்களின் பட்டியல்.
விசிலுக்கு மட்டும் இரண்டு எண்,
குட்டை ஒன்று, நீட்டு ஒன்று.
பி.ரி. மாஸ்டர் அறிந்தால் மகிழ்வார்.

இரவு பதினொன்றேகால்.
முப்பத்தாறைத் தொட்டேன்
டும்.
அதே நொடி வெளியேயும்
டும்.
விரலை எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை.
பக்கத்து வளவில் லைட் எரிந்தது,
பிறகு எதிர் வளவில்.
ரோச் வெளிச்சம் தென்னைகளில் ஓட
“ஆனை, ஆனை” என்று ஆரோ கத்தினார்கள்.
நல்லது.
ஆனைதான்.
வெடி எண்டால் இப்ப ஆனைக்கு மட்டும்.

திரும்பி வந்து பார்க்க
அடிக்காத இடமெல்லாம் ஓய்வுக்குறி நிரப்பி வைத்திருக்கிறது.
பதினாறு எண்ணி ஒருக்கால் தட்டுகிற பவிந்தனுக்கு
ஒரு பக்கம் முழுக்க
அவன் சும்மா நின்றதற்குச் சாட்சி.
அழித்தால் எச்சரிக்கிறது.
மறைக்கலாமாம், அழிக்க ஏலாதாம்.

ஞாயிறு மைதானத்தில்
வாங்கின் மேல் கணினி, கீழே பிள்ளைகள்.
சேர்ந்து தொடங்கினார்கள்.
நாலாவது அடியில் கணினி முந்தியது.
திரும்ப, அதே நாலாவதில்.
“மிதுஷா, பிந்துறாய்.”
“பட்டி நீளம் ரீச்சர், மேளம் இறங்குது.
முழங்காலாலை ஏத்திப்போட்டுத்தான் அடிக்கிறன்.”

பட்டியில் இன்னொரு ஓட்டை குத்த
ஒரு ஆணி போதும்.
ஆணியோடு வந்தேன்.
அப்போதுதான் கண்டேன்,
அந்த ஏற்றத்தில்
தனுசியன் பக்க மேளத்தை ஒரு சிட்டிகை உருட்டி நிரப்புகிறான்.
இருபத்திரண்டு சப்பாத்தும்
தூக்கினபடி காத்திருக்கின்றன.
“ஓட்டை போட்டால்
நாங்கள் எங்கை மூச்செடுக்கிறது?”
மெலோடிக்காக் குழாயைத் துடைத்தபடி யாழிசை.

வீட்டில் அட்டவணையைத் திறந்தேன்.
புதிய வரி.
பெயர்: முழங்கால்.
தலை: முக்கோணம்.
இடம்: கோட்டுக்குக் கீழே,
மேளத்துக்கும் கீழே.
சத்தம்?
வெறுமையாய் விட்டால் ஏற்காது.
கைதட்டலைக் கொடுத்து
ஒலியளவைச் சைபருக்கு இறக்கினேன்.
வாசிக்கவிட்டேன்.
முதல் தடவை கணினி பிந்தியது,
பிந்தவேண்டிய அளவு.

திங்கள் காலை பஸ் நிலையத்தடி கடையில்
பிரதி எடுத்த பெடியன்
கடைசித் தாளைத் தூக்கிப் பார்த்தான்.
“மிஸ், அடியிலை வரிசையாய் மை சிந்தியிருக்கு.
திரும்ப எடுக்கட்டோ?”

வேண்டாம் தம்பி.
நாலிலும் அப்படியே வரட்டும்.