நாற்பத்தெட்டில் ஒரு பல்

கீழக்கரையில் அந்தக் கார் வெயிலில் நிற்கவில்லை,
கொட்டகை நிழலில்தான் நின்றது.
உப்புக்கு நிழல் ஒரு பொருட்டில்லை.
தார்ப்பாயை உரித்தபோது
உள்ளே போன வருஷத்து வாடை இன்னும் இருந்தது.

இரண்டாயிரத்து ஆறு மாடல். ஓனர் ஷார்ஜாவில்.
போனில் குரல் மட்டும்:
"விக்கணும் சாத்தையா. ஒரு கம்ப்ளைன்ட்டும் கிடையாது.
ஒரு லைட்டாவது எரியுதா பாருங்க."

சாவியைத் திருப்பினேன்.
ஆயில், பேட்டரி, எஞ்சின், கைபிரேக்,
வகுப்பில் ஆஜர் சொல்லும் பிள்ளைகள் மாதிரி
எல்லாம் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும்.
ஏபிஎஸ் மட்டும் எழுந்து நிற்கவில்லை.
எரியாததுதான் கம்ப்ளைன்ட் என்று
கடல் தாண்டி விளக்க முடியாது.
எரியாத விளக்குக்கும் கூலியா என்பார்கள்.

மீட்டர் போர்டைக் கழற்றினேன்.
அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் கறுப்பு டேப்.
ஓரம் நறுக்கி, சுருக்கமில்லாமல்.
அவசரத்தில் ஒட்டியது அல்ல.

பியூஸ் சரி.
பேட்டரி பதினொன்று புள்ளி ஒன்பது, அதைச் சார்ஜில் போட்டேன்.
பிரேக் ஆயில் கடுங்காப்பி.
ஸ்கேனர் சொன்னது: பின் இடது, வேக சென்சார்.
இத்தோடு புது சென்சார் விற்றுவிட்டுப் போகலாம், போகிறவர்கள் உண்டு.
வயரைப் பிடித்து ஓம் பார்த்தேன். ஆயிரத்து நூறு.
உயிரோடு இருக்கிறவனை எப்படிப் புதைப்பது?

சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தேன்.
உள்ளே அந்தப் பல்வளையம், நாற்பத்தெட்டு பல்.
அடியில் துரு வீங்கி
வளையத்தை உள்ளிருந்து நெம்பி நெம்பி
ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே
ஒரு மயிரிழை விரிசல்.
ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில்
சென்சாருக்குக் கணக்கு தவறும்.
சக்கரம் பூட்டிக்கொண்டதென்று பதறி
ஒழுங்காய் ஓடும் சக்கரத்தை
விடுவிக்கப் போராடும் பெட்டி.
கொஞ்ச நேரத்தில் வெறுத்துத் தன்னையே அணைத்துக்கொள்ளும்.
மறுநாள் சாவி திருப்பினால் மறுபடி நம்பும்.
வேகத்தில் ஒன்றும் தெரியாது.
நிற்கப்போகிற அந்தக் கடைசி நாலடியில்
பெடலுக்கடியில் நண்டு ஓடும்.

விரிசல் கிடைத்த சந்தோஷத்தில்
மணலை நான் தாமதமாகத்தான் பார்த்தேன்.
மட்கார்டின் உள்ளே, ஈரமாய் ஒட்டிக் காய்ந்த மணல்.
சிப்பித் தூள் கலந்தது, சேதுக்கரை மணல்.
போன சர்வீஸில் நானே எழுதி ஒட்டிய சீட்டு: 71,340.
மீட்டரில் 71,902.

"ஒரு வருஷமா எடுக்கவே இல்லையாம்," என்றேன்,
ஸ்பேனரைப் பார்த்தபடி.
டீ டம்ளரோடு வந்த ஃபாயிஜா
டம்ளரை வைக்கவும் இல்லை, தரவும் இல்லை.

"நிறுத்துறப்ப காலுக்கடியில நடுங்குமாண்ணே?"
"நடுங்கும்."
"எல்லாருக்குமா?"
"யார் மிதித்தாலும்."

"பயத்துல என் காலுதான் நடுங்குதுன்னு நெனச்சேன்.
சுபுஹுக்குப் பொறகு, ரோட்டுல ஆளே இல்லாதப்ப,
அஞ்சு மாசமா.
நமக்கு வராது போலன்னு போன வாரம்தான்..."

டீ ஆடை கட்டிவிட்டது. குடித்தேன்.

வளையம் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது.
துருவைச் சுரண்டி, சூடேற்றி இறக்கி,
ஆயிலை மாற்றி, காற்றெடுத்தேன்.
டேப்பை உரித்தேன்.
யார் ஒட்டியதென்று இருவருக்கும் தெரியும்,
அதைப் பேசவில்லை.

சாயங்காலம் ஷார்ஜா கூப்பிட்டது:
"கிலோமீட்டர் எவ்வளவு காட்டுது?"
"கண்ணாடி எடுத்துட்டு வரலை," என்றேன்.
நெற்றியில்தான் இருந்தது.

டெஸ்ட் டிரைவுக்கு
நான் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.
அவர் சாவியைத் திருப்ப
மஞ்சளாய் மூன்று எழுத்து எரிந்தது.
இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தோம்.
அணைந்தது.

சேதுக்கரை விலக்கில் ஓர் ஆடு,
அவசரமே இல்லாமல் குறுக்கே.
மிதித்தார்.
கார் நின்றது.
ஆடு போன பிறகும் கொஞ்ச நேரம்
காலை எடுக்காமல் வைத்திருந்தார்.