அவதானம்

காலையிலேயே சேலை பிடிபட்டுவிட்டது.
அயடீன் போத்தலின் மூடி இறுகிக் கிடந்தது, திருகினேன்,
ஒரு துளி முந்தானையில்.
கபிலமாய் விழுந்து கருநீலமாய் விரிந்தது.
நேற்றிரவு நான் போட்ட சோற்றுக்கஞ்சியை
முதலாம் பாடவேளைக்கு முன்னமே
நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடம் அறிந்துகொண்டது.

படிப்பிப்பது ரீச்சர். கழுவுவது நான்.
நாற்பது குழாய், எட்டு மதுசார விளக்கு,
அலுமினியச் சட்டியில் கொதிக்கிற கிணற்றுத் தண்ணீர்.
சட்டியின் உட்பக்கம் வெள்ளையாய்ச் சுண்ணாம்பு.
ஒரு கரைசலும் ஊற்றாமலே
இந்த மண் எது என்று அது சொல்லிவிடும்.

"சாப்பாட்டிலை ஒரு துண்டு கொண்டு வாங்கோ பிள்ளையள்."
கொண்டுவந்தார்கள்.
ஒடியல் மா, பாதி வடை, பினாட்டு,
அவித்த முட்டை, யோகட், கச்சான்,
சுவிசில் இருந்து மாமா அனுப்பிய சொக்லேட்டில்
எண்ணி ஒரு கட்டி,
தாளில் மடித்த சீனி.

பினாட்டு உடனே ஒத்துக்கொண்டது.
நீலம், பச்சை, மஞ்சள்,
கடைசியில் செங்கட்டி.
சீனிதான் அழுத்தம்.
எவ்வளவு கொதித்தும் நீலமாகவே நின்றது.
"மிஸ், சீனியிலை சீனி இல்லையாம்!"
சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம்.
அமிலம் விட்டுக் காய்ச்சி, சோடா போட்டு, நுரை அடங்கவிட்டு
திரும்பக் கேட்டால்தான் அது வாய் திறக்கும்.
சிலர் அப்படி.

வடையைப் பழைய பேப்பரில் தேய்த்தோம்.
மரண அறிவித்தல் பக்கம்.
கோட்டுப் போட்ட யாரோ ஒருவரின் முகத்தில் எண்ணெய் ஊறி
வெளிச்சத்துக்குப் பிடிக்கையில்
அவருக்கூடாகப் பின்பக்கம் தெரிந்தது:
காணி விற்பனைக்கு, இரண்டு பரப்பு, நல்ல தண்ணீர்.

கடைசி மேசை மிதுஷனா.
அவித்த மரவள்ளி, உப்பு, செத்தல் மிளகாய்.
நேற்றும் அதுதான், முந்தாநாளும்.
குழாய் கழுவுகிறவளுக்குச்
சாப்பாட்டுப் பெட்டிகளும் தெரியும்.

அயடீன் விட்டாள். இருட்டு.
குழாய்க்குப் பின்னால் யன்னலே தெரியாத இருட்டு.
பெனடிக்ட், நீலம்.
தாளில் தேய்த்தாள், காய்ந்ததும் வெறும் தாள்.
பையூரெற்றும் நீலம்.
பக்கத்து மேசைகளில் எல்லாம் ஊதா,
ஒருவருக்கொருவர் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரீச்சர் கரும்பலகைக்குத் திரும்பிய நேரம்
துளிசொட்டியில் முட்டை வெள்ளைக்கரு,
ஐந்து துளி, அவளுடைய குழாய்க்குள் விட்டேன்.
ஏன் என்று கேட்டால்
முடிவு நிரலில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

ஊதா வந்தது. கத்தரிப்பூ நிறம்.
அவள் குழாயைத் தூக்கிப் பார்த்தாள்.
குலுக்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.
"அக்கா, இது பிழை.
குழாய் வடிவாக் கழுவுப்படேல்லைப் போல."

பதினாறு வருடத்தில் என் கழுவலை
ஒருவரும் குறை சொன்னதில்லை.
"ஓம்" என்றேன்.

புதுக் குழாய் எடுத்தாள்.
கிழங்கை நசித்து, தண்ணீர் விட்டு, கலக்கி,
துளி துளியாய் எண்ணினாள்.
நீலம்.
இன்னும் இரண்டு நிமிடம் காத்துநின்றாள்,
அதற்கும் ஒரு நியாயம் வேண்டும் என்பதுபோல.
நீலம்.
கொப்பியில் எழுதினாள்: புரதம், இல்லை.
அடிமட்டம் வைத்து அடிக்கோடும் போட்டாள்.

இடைவேளை மணி.
மிச்சக் கிழங்கை எல்லாரோடும் வேம்படியில் இருந்து தின்றாள்.
கண்ணைத் துடைத்தாள்.
உறைப்பு, வேறொன்றுமில்லை,
நானும் அந்த மிளகாய் வாங்குகிறவள்தான்.
கச்சான் கொண்டுவந்தவள் கை நீட்ட
நாலைந்தை எடுத்துக்கொண்டு
அவளுடைய சூடான் கரைசல் கணக்கைத் திருத்திக் கொடுத்தாள்.

நாற்பது குழாய் கழுவினேன்.
ஒன்றை இரண்டு தரம்.

பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கையில்
பாதித் தேசிக்காயால் முந்தானையைத் தேய்த்தேன்.
நீலம் போய்விட்டது.
கஞ்சி போகேல்லை.