நிகர எடை

ரவுண்டானா பக்கத்துப் பழைய பேப்பர் கடையில்
அந்தக் கதைத் தொகுப்பு நானூறு கிராம் இருந்தது.
கிலோ பதினெட்டு. ஏழு ரூபாய் இருபது காசு.
இருபது காசைக் கடைக்காரர் விட்டுக்கொடுத்தார்.
அட்டை இல்லை.
எழுதியவர் பெயர் இருந்த இடத்தை
ஒரு பூச்சி வட்டமாகச் சாப்பிட்டிருந்தது.

காவேரிப்பட்டணம் சாலை, மாங்கூழ் ஆலை, எடைமேடை.
ஜூனில் எனக்கு இரவு முறை.
டிராக்டர்கள் புளியமரம் தாண்டி நிற்கும்,
எல்லாம் பெங்களூரா, எல்லாம் பால் வடிகிற காம்பு.
சரக்கோடு ஓர் எடை, இறக்கிவிட்டு ஓர் எடை,
பெரியதில் சின்னதைக் கழித்தால்
மிச்சத்துக்குத்தான் காசு.
இரண்டு வண்டிக்கு நடுவே ஒரு பக்கம் படிப்பேன்.

ஐந்தாவது கதையில் ஒரு தபால்காரன்.
பதினோரு ரூபாய் மணியார்டரோடு மலையேறிப் போகிறான்.
வாங்க வேண்டியவள் செத்து மூன்று நாள்.
அடுப்பில் பூனை படுத்திருக்கிறது.
மகள் வெளியே வந்து
தன் கட்டைவிரலை நீட்டுகிறாள்.
அவன் மைப்பெட்டியைத் திறக்கிறான்.
அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் வேறு கதை.

கிழிந்திருக்குமோ என்று பக்க எண் பார்த்தேன்.
அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று.
கிழியவில்லை.

பர்கூர் வண்டி ஓட்டுகிற திம்மராயனிடம் சொன்னேன்.
என்னை அவர் எடைமேடம் என்பார்.
"வாங்கிக்கினான் மேடம், இதுல இன்னா கேள்வி?"
என்று கிளட்சை விட்டார்.
மறுநாள் மேடையில் ஏறியதும் முதல் பேச்சு:
"வாங்கியிருக்க மாட்டான். வேலை போய்டும்ல."
மூன்றாம் நாள் ஜன்னலில் தலையை விட்டு,
"அந்தப் பொண்ணுக்கு வயசு இன்னா போட்டிருக்கு?"
வயசு போடவில்லை.
வளையல் முழங்கை வரை ஏறும் என்று மட்டும் இருந்தது.
அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

கடைசியில் இன்னொரு பத்தி
கட்டாயம் எழுதியிருப்பார் அந்த மனிதர்,
தபால்காரன் நல்லவன் என்றோ
சட்டம் பொல்லாதது என்றோ.
விடியற்காலையில் அதை அடித்திருப்பார்.
வண்டி இல்லாமல் பழத்தை மட்டும் நிறுக்க
எங்கள் மேடைக்குத் தெரியாது.

இருபதாம் தேதி மழை.
நனைந்த சரக்குக்கு நூற்றுக்கு எட்டு கழி என்று
மேலாளர் தாளில் எழுதி ஒட்டியிருந்தார்.
விலை கிலோ ஐந்து.
சந்தூர் சின்னபாப்பா
தார்ப்பாய் போதாமல் ஒரு சேலையையும் சேர்த்துக் கட்டி வந்தாள்.
அப்படியும் அடியில் சொட்டியது.
நிகரம் ஆயிரத்து நானூற்று முப்பது.
எட்டு என்றால் நூற்றுப் பதினான்கு கிலோ.
அவள் கணக்குக் கேட்கவில்லை.
ரசீதுக்குக் கையை உள்ளே நீட்டினாள்,
மாம்பால் பட்டுக் கன்றிய விரல்கள்.

கழிவுப் பொத்தானின் மேல் என் விரல் நின்றது.
ஒரு மைப்பெட்டியைத் திறக்க
எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது.
எழுதியவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது,
பெங்களூரா விலை தெரியாமலே,
என்னைத் தெரியாமலே.

அடுத்த வண்டி திம்மராயனுடையது.
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.
ஏற்றி நிறுத்தி, எஞ்சினை அணைத்து,
எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"கழிச்சீங்களா மேடம்?"

மழை ஷெட் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
"வண்டி நம்பர் சொல்லுங்க" என்றேன்.