நாலு நிமிசம்

கச்சான் அடிக்கிற மாதத்தில்
கந்தோருக்குள் உப்பு வரும்.
கதவிடுக்கால் வரும், கணக்குக் கொப்பிகளின் ஓரத்தில் பூக்கும்.
மேசைக்குக் கீழே நிற்கிற பெட்டியின்
மூக்குத் துவாரங்களுக்குள் புகுந்து
ஒன்பது வருசமாய் அங்கேயே இருந்துவிட்டது.

உட்துறைமுக வீதி, ஐஸ் ஆலை.
ஒரு கொம்பியூட்டர், ஒரு நான்.
எந்த வள்ளத்துக்கு எத்தனை கட்டி,
ஆருக்குக் கடன்,
ஆர் காசைத் தந்துவிட்டுத் துண்டைத் தொலைத்தது
எல்லாம் அதற்குள்.
காலையில் பொத்தானை அமத்திவிட்டுப் போய்
பிளேன்டீ ஊத்தி, சீனி கலக்கி,
குடித்தும் முடித்து வந்தால்
மெல்லக் கண் திறக்கும்.

புதுசு ஒன்று வாங்குவம் என்றேன்.
"ஐஸ் உருகிற மாதிரித்தான் பிள்ளை காசும்"
என்றார் நைசர்தீன் முதலாளி.
அதற்கு மேல் என்ன கதைக்க?

ஒரு சனிக்கிழமை, ஆக்களில்லாத நேரம்,
நாலு திருகாணியைக் கழற்றினேன்.
உள்ளே கம்பளி மாதிரித் தூசி.
விசிறியடியில் இரண்டு பல்லி முட்டைக் கோது.
மச்சாளின் பவுடர் தூரிகையால்
(அவளுக்கு இன்னும் தெரியாது)
இண்டு இடுக்கெல்லாம் துடைத்தேன்.
லரீஃபின் கடையில் கைமாறி வந்த மெமரி ஒன்று, விரல் நீளம்;
தீப்பெட்டி கனத்தில் ஒரு டிஸ்க்.
"இனிப் பறக்கும் அக்கா" என்றான்.
திங்கள் காலை
நான் கேத்திலைத் தூக்க முதல்
அது விழித்துவிட்டது.

பிறகு பேராசை பிடித்தது எனக்கு.
வீட்டில் சும்மா கிடந்த பழைய திரையை
ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
இடப்பக்கம் வள்ளங்கள், வலப்பக்கம் கடன்கள்.
கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமத்தப் பழகினேன்.
கரண்ட் போகிற ஊரில்
அது ஒரு கும்பிடு.
கடைசியாய் ஓர் இரவு, மகன் படுத்த பிறகு,
ஒரேயொரு வரிச் சூத்திரம்.
பென் டிரைவைப் பேசுக்குள் தேசிக்காயோடு போட்டு
மறுநாள் கந்தோரில் ஓடவிட்டேன்.
இரண்டு நாள் எடுக்கிற மாதமுடிவுக் கணக்கு
நாலு நிமிசம்.

சந்தோசத்தில் சொல்லிவிட்டேன்.
அதுதான் பிழை.

அடுத்த கிழமை
மச்சினனின் நிலாவெளி விடுதிக் கணக்கு வந்தது.
அதற்கடுத்து
கிண்ணியா அரிசி ஆலையின் மூன்று வருசம்,
உமி ஒட்டிய பில்லுகளோடு, ஒரு சாக்கில்.
"உன்ர மெசின் கெட்டித்தனமல்லோ."
சூத்திரத்தில் எல்லோருக்கும் கட்டம் இருந்தது.
என் சம்பளம் எந்தக் கட்டத்திலும் இல்லை.
நான் பெட்டியைக் கறந்தேன்,
அவர்கள்
பெட்டியோடு சேர்த்து என்னை.

வீட்டில் உள்ளதை
ஒன்பது மணிக்குத் தானாய் அணையப் பண்ணிவிட்டேன்.
கடவுச்சொல் ஒரு வள்ளத்தின் பெயர்.
எந்த வள்ளம் என்று மகன் கேட்டபடி திரிகிறான்.
கடனைத் திருப்பிக் கட்டிய ஒரே வள்ளம் அது,
அவன் கண்டுபிடிக்க மாட்டான்.

அரிசிக்கும் விடுதிக்கும்
இப்போது வேறொரு சூத்திரம் இருக்கிறது.
அதுவும் நாலு நிமிசம்தான்.
இந்த முறை ஒருத்தருக்கும் சொல்லவில்லை.
மாதமுடிவு.
இரண்டு திரை நிறைய இலக்கங்கள்.
இடைக்கிடை ஒன்றை அடித்து, அதையே அழிக்கிறேன்.
பின்னால் போகிற முதலாளி
"பாவம், சாப்பிட்டிட்டுச் செய் பிள்ளை" என்கிறார்.
ஓம் என்கிறேன், தலை நிமிராமல்.

யன்னலுக்கு வெளியே
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
ஐஸ் லொறியின் பின்கதவால் ஒழுகும் நீரை
நக்குகிறது.
குளிர் பட்டுத் தலையை உதறி
திரும்பவும் நக்குகிறது.

சேமிக்கவா என்று கேட்கிறது திரை.
பொறு.
மான் இன்னும் போகவில்லை.